கஞ்சா மகாலும் பருவமழையும்

கல்கத்தாவில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் மூத்தோர், தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. தேசப் பிரிவினைக்கு முன்னர், சியால்டா நிலையத்தில் புறப்படும் டார்ஜிலிங் மெயில், ஹார்டிஞ்ச் பாலத்தின் மேலாகப் பத்மா நதியைக் கடந்து, ஈசுவர்தி, சாந்தாஹார், ஹிலி ஆகிய ஊர்களின் வழியே வடக்கு நோக்கிச் சென்று சிலிகுரியை அடையும். அந்தப் பாதையின் நடுவில் உள்ள சாந்தாஹார் சந்திப்பில் இறங்கி மேற்கே சில மைல் தொலைவு சென்றால் நௌகாவ் என்னும் சிற்றூர் வரும். சின்ன யமுனை என்று பெயர் பூண்ட ஆறு ஒன்று அதன் நடுவே ஓடுகிறது. நமது யமுனைக்கும் அதற்கும் பெயரளவிலேதான் உறவு. அந்த ஊரைச் சுற்றியிருந்த வயல்களுக்குத்தான் ஆங்கில சர்க்காரின் குறிப்பேடுகளில் ‘கஞ்சா மகால்’ என்று பெயர்.

கஞ்சா என்றதும் நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். அதனை உட்கொள்வதன் நன்மை தீமைகளைப் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஒரு பயிரை, அதுவும் நீருக்கும் மேகத்துக்கும் அஞ்சும் ஒரு பயிரை, இந்தியாவிலேயே மழையும் வெள்ளமும் மிகுந்த சமவெளிகளுள் ஒன்றில் நிறுத்திக் காப்பாற்றிய குடியானவர்களின் வரலாறே இங்கு பேசப்படுவது. அவர்களுடைய உழைப்பின் பயன் சர்க்காரின் பொக்கிஷத்துக்குச் சென்றது. அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறவில்லை.

இச்செடி இமயத்தின் அடிவாரம் முழுவதும் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. வங்கத்தின் வடபகுதியிலும் பீகாரிலும் வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் அதனைக் காணலாம். டெல்லியில் வாழும் நம்மவர்கள் மலைவாசஸ்தலங்களுக்குச் செல்லும்போது பேருந்துப் பாதையின் இருமருங்கிலும் பச்சைப் பசேலென்று நிற்பதைக் கண்டிருப்பார்கள். விதைப்பவரும் இல்லை, நீர் ஊற்றுபவரும் இல்லை. அப்படியிருக்க, அதனைப் பயிரிடுவதில் என்ன வருத்தம் இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுவது இயல்பே. தானாக முளைத்த செடி இலையைத் தரும். அதுவே பாங்கு எனப்படுவது. கஞ்சா என்பதோ பெண் செடியின் பூங்கதிர். அப்பூ கருவுறாமல் இருந்தால்தான் அதில் பிசின் திரளும். கருவுற்று விதை பிடித்துவிட்டால் செடியின் சத்து முழுவதும் விதைக்குச் சென்றுவிடும். வியாபாரியின் கண்ணில் அது சருகுக்குச் சமம். எனவே கஞ்சாப் பயிர் என்பது இயற்கை செய்ய விரும்புவதைச் செய்யவிடாமல் தடுத்து நிறுத்தும் ஒரு தொழில். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக நிற்பதை நாம் அறிவோம். இச்செடியும் அவ்வாறே. மகரந்தத்தைச் சுமப்பது வண்டன்று, காற்று. காற்றுக்கு வரப்பு தெரியாது.

நௌகாவின் பயிர்முறையை நாம் இன்று விரிவாக அறிந்திருப்பதற்குக் காரணம் இருவர். ஒருவர் ஹேம் சந்திர கர் என்னும் வங்காள டிப்டி கலெக்டர். அவர் 1877இல் கஞ்சா சாகுபடியையும் வியாபாரத்தையும் குறித்து அறிக்கை எழுதினார். மற்றவர் டேவிட் பிரெய்ன் என்னும் தாவர நூலறிஞர்; இவருடைய அறிக்கை 1893இல் வெளிவந்தது. ஒருவர் கணக்கின் கண்கொண்டும், மற்றவர் இலையின் நரம்பை எண்ணும் கண்கொண்டும் பார்த்தனர். ராஜஷாஹி, தினாஜ்பூர், போக்ரா என்னும் மூன்று ஜில்லாக்கள் கூடும் எல்லையில், சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிய நிலத்தில் மட்டுமே சர்க்கார் இப்பயிருக்கு அனுமதி அளித்திருந்தது. வங்காளம் முழுவதற்கும் அஸ்ஸாமுக்கும் வேறு சில பகுதிகளுக்கும் இங்கிருந்தே சரக்கு சென்றது.

அக்குடியானவனின் ஆண்டு சித்திரையில் தொடங்கும். முதலில் அவன் தேடுவது மேட்டு நிலம். வங்கத்தில் நெல்லுக்கு நிலம் தேடுபவன் பள்ளத்தை நோக்கி நடப்பான். கஞ்சாவுக்கு நிலம் தேடுபவன் மேட்டை நோக்கி நடப்பான். மேடு என்றவுடன் நமது ஊர்ப்புறத்துக் கரடுகளை எண்ணிவிடலாகாது. அந்தச் சமவெளியில் மேடு என்பது அண்டை வயலைவிட ஓரிரு முழம் உயர்ந்திருப்பதே. மண் இலேசாக, மணல் கலந்ததாக, நீரை உடனே கீழே விட்டுவிடுவதாக இருக்க வேண்டும். கோடை உழவுக்குப்பின் சுற்றுப்புறத்திலிருந்து புதுமண் வெட்டிக் கொண்டுவந்து பரப்புவார்கள். சாணமும் குப்பையும் சேர்ப்பார்கள். பின்னர் மழை இறங்கும். ஆடி முழுவதும் நிலத்தை மீண்டும் மீண்டும் உழுது, களை தலைகாட்டாதபடி வைத்திருக்க வேண்டும். பயிர் ஒன்றும் இன்றி வெறும் நிலத்துக்கு நான்கு மாதம் ஊழியம் செய்வது அது.

ஆவணியில் நாற்றங்கால். வங்கத்தில் வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும் மாதம் அது. அதில் ஒரு நாள், மேகம் விலகி வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, மண் உலர்ந்து பொடியாக இருக்கும் வேளையில் விதையைத் தூவ வேண்டும். தூவிய மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டால் விதை அழுகும். மீண்டும் விதைக்க வேண்டும். மறுவிதை முளைத்து வளர்வதற்குள் நடவுப் பருவம் கடந்துவிடக்கூடும். நம் தஞ்சைக் குடியானவன் நாற்றங்காலில் நீர் வற்றாமல் காவல் இருப்பான். நௌகாவின் குடியானவனோ நாற்றங்காலில் நீர் தேங்காமல் காவல் இருந்தான். இருவரும் பார்ப்பது வானத்தைத்தான். வேண்டுதல் மட்டும் நேர்மாறு.

முழ உயரத்துக்குள் வளர்ந்த நாற்றைப் புரட்டாசியில் பறித்து நடுவார்கள். வயலில் ஓரடி உயரத்துக்குப் பார் எடுத்து, அந்தப் பாரின் முதுகில் நடுவது வழக்கம். மழைநீர் இரு பார்களுக்கும் இடையே ஓடி வடியும். வேர் நனையும், மூழ்காது. மழை ஓய்ந்தபின் அந்தப் பாரையே வெட்டிக் குலைத்து, பிண்ணாக்கும் சாணமும் இட்டு, மறுபடியும் கட்டுவார்கள். ஒரு பயிருக்கு இருமுறை, மும்முறை நிலத்தையே மாற்றிக் கட்டும் உழைப்பு அது. கார்த்திகையில் அடிக்கிளைகளை அறுத்துவிடுவார்கள். கீழே காற்றோட்டம் உண்டாகும், செடி மேல்நோக்கிக் கூம்பாக எழும். அதே மாதத்தில்தான் பரக்தார் வயலுக்குள் நுழைவார்.

பரக்தார் என்றால் பரீட்சை செய்பவர் என்று பொருள். போத்தார் என்றும் சொல்வதுண்டு. ஆங்கில அதிகாரிகள் சற்றே வேடிக்கையாக இவரைக் ‘கஞ்சா வைத்தியர்’ என்று எழுதினார்கள். இவர் பார்த்த வைத்தியம் ஒன்றே: ஆண் செடியை அது பூப்பதற்கு முன்னரே கண்டறிந்து ஒடித்துப் போடுவது. பூ விரிந்தபின் எவரும் கண்டுகொள்ளலாம். அதற்குள் காற்று தன் காரியத்தை முடித்திருக்கும். ஆயிரக்கணக்கான செடிகள் ஒன்றுபோல் நிற்கும் வயலில், கணுவில் அரும்பும் ஊசிமுனை அளவான குறியைக் கொண்டு, நடந்துகொண்டே ஆணையும் பெண்ணையும் பிரித்தறிந்தனர் இவர்கள். ஒருமுறை வந்து போனால் போதாது. எஞ்சியவற்றைக் குடியானவன் தானே நாள்தோறும் தேடிக் களைய வேண்டும். கூலி கொடுக்க வகையின்றியோ சோம்பலாலோ ஒருவன் தன் வயலை விட்டுவிட்டால், நட்டம் அவனுக்கு மட்டும் உண்டாவதில்லை. காற்று வீசும் திசையில் உள்ள அயலார் வயல்களிலெல்லாம் விதை பிடிக்கும். நௌகாவில் ஒவ்வொரு குடியானவனும் தன் வயலோடு பக்கத்து வயலையும் கவலையுடன் பார்த்து நின்றதற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் அங்கு நிகழ்ந்த ஒன்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

மார்கழியும் தையும் வந்தால் ஆபத்து வேறு உருவம் கொள்ளும். இப்போது வேண்டுவது வறண்ட குளிர், தெளிந்த வானம், நல்ல வெயில். நிலம் மிகவும் காய்ந்தால் மட்டும் சிறிது நீர் பாய்ச்சுவார்கள். வடவங்கத்தில் தை மாதத்து மூடுபனி பேர்போனது. நாட்கணக்கில் சூரியனைக் காணாத காலை உண்டு. பருவம் தப்பிய மழை ஒன்று பெய்தாலும், மேகம் கவிந்து நின்றாலும், திரண்டு வரும் பிசின் கெடும். கதிரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆலங்கட்டி விழுந்தால் பேச வேண்டியதே இல்லை. பத்து மாத உழைப்பு ஓர் இரவு வானத்தின் கையில் இருக்கும்.

தப்பிப் பிழைத்த பயிர் தை, மாசியில் அறுவடைக்கு வரும். அறுப்பதற்கு முன்னரே சர்க்கார் அதிகாரி வந்து வயலைப் பார்த்து விளைச்சலை மதிப்பிட்டு எழுதிக்கொள்வார். அறுத்த கதிரை வீட்டுக்குக் கொண்டுபோக இயலாது. வேலியிட்டுக் காவல் வைத்த களங்கள் உண்டு. சாதர் என்பது அவற்றின் பெயர். அங்கே வெயிலில் உலர்த்தி, இரவுப் பனியில் நனையவிட்டு, மறுநாள் மிதிப்பார்கள். வட்டமாக அடுக்கிய கதிர்மீது ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து மிதிக்க, அது தட்டையாகும். உருண்டை வகைக்கு வேறு முறை: குறுக்கே கட்டிய மூங்கிலைக் கையால் பிடித்து நின்றுகொண்டு காலால் உருட்டுவார்கள். உதிர்ந்த தூளுக்கும் ‘சூர்’ என்று பெயரிட்டு அதையும் கணக்கில் கொண்டுவந்தது சர்க்கார். பின்னர் யாவும் நௌகாவ் நகரத்துக் கிடங்குகளுக்குச் செல்லும். அங்கிருந்து வரி கட்டிய பின்பே ஒரு சேர் சரக்கும் வெளியேறலாம்.

கும்பினி காலத்திலேயே, 1793இல், உரிமச் சீட்டு இன்றி இவ்வகைப் பொருள்களைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று வங்காளத்தில் சட்டம் வந்துவிட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, லண்டனில் மக்கள் சபையில் இவ்விஷயம் கிளம்பியது. மதுவிலக்கில் பற்றுக்கொண்ட உறுப்பினர்கள், பைத்தியம் பிடிக்கச் செய்யும் ஒரு பொருளிலிருந்து இந்திய சர்க்கார் வருவாய் தேடுகிறதே என்று வினவினர். விளைவாக 1893 ஜூலையில் இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. மேக்வொர்த் யங் அதன் தலைவர். உறுப்பினர்களில் மூவர் இந்தியர்: ராஜா சசிசேகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிஹால் சந்த். கமிஷன் நாடு முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தது. 1894இல் வெளிவந்த அறிக்கை ஏழு தொகுதிகள், மூவாயிரம் பக்கங்களுக்கு மேல்.

அதன் முடிவு லண்டன் உறுப்பினர்கள் எதிர்பார்த்ததன்று. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில் ‘காரணம்: கஞ்சா’ என்று எழுதியிருந்த பலவும், நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்த போலீசார் விசாரணையின்றி எழுதிக் கொடுத்தவையே என்பதைக் கமிஷன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து காட்டியது. அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை, அளவு கடந்தால் தீங்கு உண்டு, முழுத்தடை வேண்டியதில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று அது கூறியது. இம்முடிவு சர்க்காருக்கு எத்துணை வசதியானது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்; ஆயினும் அந்த விசாரணை நேர்மையாகவும் பொறுமையாகவும் நடைபெற்றது என்பதை அறிக்கையைப் படிப்பவர் மறுக்க இயலாது. நம் சென்னை ராஜதானியும் அதில் உண்டு: வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும், அக்காலத்தில் கிருஷ்ணா ஜில்லாவில் இருந்த பாபட்லாப் பக்கத்து ஊர்களிலும் சிறு அளவில் இப்பயிர் இருந்தமை பதிவாகியிருக்கிறது. குமாவோன், கார்வால் மலைவாசிகளின் வழக்கமும் உண்டு. அவர்கள் நாரை உரித்துக் கயிறும் சாக்கும் முரட்டுத் துணியும் செய்தார்கள். விதையை வறுத்தரைத்துத் துவையலாக உண்டார்கள். உறைபனிக் காலத்துக்கு உடலில் சூடு தரும் உணவு என்பது அவர்களுடைய நம்பிக்கை. நைனிதாலிலும் அல்மோராவிலும் அத்துவையலை இன்றும் சுவைக்கலாம்; அதில் மயக்கம் ஏதும் இல்லை.

கமிஷன் மனிதரின் மூளையை ஆராய்ந்தது, வரியை ஆராய்ந்தது. குடியானவனின் கடனை ஆராய்வது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆனால் நௌகாவில் முக்கியமானது அதுவே. மற்ற பயிரைவிட இதற்குச் செலவு மிகுதி: எரு, பிண்ணாக்கு, ஆள்கூலி, பரக்தாருக்கு ஊதியம். கையில் பணம் வருவதோ ஆண்டுக்கு ஒரே முறை. இடைப்பட்ட மாதங்களில் கடன் கொடுத்தவன் அறுவடைக்களத்தில் வந்து நிற்பான். மொத்த வியாபாரியும் தரகரும் சேர்ந்து விலையை நிர்ணயிப்பார்கள். விளைந்த ஆண்டில் விலை விழும். வானம் கெடுத்த ஆண்டில் விற்கச் சரக்கு இராது. சர்க்கார் வரிமட்டும் எந்த ஆண்டும் விழுந்ததில்லை. இந்தக் கடன்நோய் நௌகாவுக்கு மட்டும் உரியதன்று. அதே வட்டாரத்தில், ஆத்ராய் நதிப்பக்கம் பதிசர் என்னும் ஊரில், ரவீந்திரநாத தாகூர் தம் ஜமீனின் குடிகளுக்காக 1905இல் ஒரு விவசாய பாங்கு தொடங்கினார். நோபல் பரிசுத் தொகையைப் பின்னர் அதிலேயே இட்டார். அந்தக் கவியுள்ளத்தை இந்தப் பக்கத்து ஈரமண்தான் அப்படி உருக்கியது போலும்.

1917இல் நௌகாவ் கஞ்சா விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உரிமம் பெற்ற குடியானவர்கள் யாவரும் அதன் அங்கத்தினர். விளைச்சல் முழுவதையும் சங்கமே வாங்கும், சங்கமே விற்கும், தரகருக்கு இடமில்லை. அங்கத்தினரில் பெரும்பாலோர் முஸ்லிம் குடியானவர்கள். வங்கத்தில் கூட்டுறவு இயக்கம் பல இடங்களில் தளர்ந்து படுத்த காலத்திலும் இச்சங்கம் தழைத்தது. இலாபத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்தியது, மருந்தகங்கள் வைத்தது, பாதைகள் போட்டது. பக்கத்து வயலின் ஆண் செடிக்கு அஞ்சி ஊரோடு ஒத்து நடக்கப் பல தலைமுறையாகப் பழகியவர்களுக்குக் கூட்டுறவு என்பது புதுப்பாடமாக இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்து மட்டுமே. ஏடுகளில் இவ்வாறு எழுதியிருப்பதாக எவரும் கொள்ள வேண்டாம்.

சங்கம் தோன்றி ஐந்து ஆண்டுகள் ஆயின. 1922ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் இறுதி வாரம். வங்காளிகளின் ஆசுவின மாதம், நமது புரட்டாசி. துர்க்கா பூஜைக்கு வீடுகள் தயாராகும் காலம். மழை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், வடவங்கத்தின்மீது நாட்கணக்கில் இடைவிடாத பெருமழை கொட்டியது. ராஜஷாஹி, போக்ரா ஜில்லாக்களில் ஆத்ராயும் யமுனையும் கரை கடந்தன. சாந்தாஹார் சந்திப்பைச் சுற்றிய நிலம் கடலாயிற்று. ஊர்கள் தீவுகளாயின, மண்சுவர் வீடுகள் கரைந்தன, மாடுகள் மிதந்து போயின. மக்கள் ஏறி நிற்பதற்குக் கிடைத்த உயரமான இடம் ரயில்வேக் கரை ஒன்றே. அந்தக் கரைதான் நீரைத் தடுத்து நிறுத்தியது, வடிவதற்குப் போதிய மதகுகளும் பாலங்களும் விட்டிருந்தால் இத்தனை நாசம் நேர்ந்திராது என்று அவர்கள் குமுறினர். அடைக்கலம் தந்ததும் அதுவே. குற்றவாளிக் கூண்டில் நின்றதும் அதுவே.

நெல்வயல்கள் முற்றாக மூழ்கின. இந்த வாரம் கஞ்சாக் குடியானவனுக்கு எத்தகைய வாரம் என்பதை மேலே சொன்ன பயிர்க்கணக்கிலிருந்து நாம் அறியலாம். நாற்றைப் பறித்துப் பாரில் நட்டு வேர் பிடிக்கும் சமயம் அது. ஓரடி உயரப் பார் மழைநீரை வடிப்பதற்காகக் கட்டியது. ஆறு வந்து நின்றால் அது என் செய்யும்! ஓரிரு முழ மேட்டை நம்பி, தலைமுறை தலைமுறையாக நிலம் தெரிந்தெடுத்தவர்கள் அவர்கள். நீருக்கு அந்த மேடு ஒரு பொருட்டாகவில்லை. மேலும், இழந்த நாற்றுக்கு மறுநாற்று விடுவதற்குப் பருவம் இல்லை. வெயில் சாயத் தொடங்கியபின் விதைத்த செடி வளராமலே பூக்கும்.

சர்க்காரின் உதவி தாமதித்தது என்பது அக்காலத்துப் பத்திரிகைகளின் குற்றச்சாட்டு. மக்கள் காத்திருக்கவில்லை. ரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராயின் தலைமையில் வங்காள நிவாரணக் கமிட்டி அமைந்தது. கல்கத்தாவில் விஞ்ஞானக் கல்லூரியின் கூடங்களில் அரிசி மூட்டையும் பழந்துணியும் மலையாகக் குவிந்தன. ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டு வந்து ஓராண்டே ஆகியிருந்த சுபாஷ் சந்திர போஸ் என்னும் இளைஞர் சாந்தாஹாரில் தங்கி, தொண்டர்களைப் பிரித்து அனுப்பி, படகிலும் சேற்றிலும் சென்று நிவாரணம் நடத்தினார். பிற்காலத்தில் நேதாஜி என்று உலகு அறிந்த மனிதரின் நிர்வாகத் திறன் முதன்முதலாகப் பொதுமக்கள் கண்ணில் பட்ட இடங்களுள் ஒன்று கஞ்சா மகாலின் வாயிலாகிய இந்தச் சந்திப்பு. ராயோ நீர் வடிந்தபின்னும் திரும்பிவிடவில்லை. பயிரிழந்து கையொடிந்து இருந்த குடும்பங்களுக்கு ஆத்ராய்ப் பகுதியில் இராட்டை கொண்டுவந்து நூற்பு வேலை தந்தார்.

வெள்ளத்தின் காரணத்தை ஆராயும் பொறுப்பு மற்றொரு பேராசிரியரிடம் வந்தது. அவர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்குக் கணக்கு வகுத்தவர். 1870 முதல் 1922 வரையிலான மழைக் கணக்குகளைத் திரட்டி, எந்த அளவு மழைக்கு எத்தகைய வெள்ளம் வந்தது என்று அவர் கணித்தார். நிபுணர் குழுவினர் பெரும் பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தை நிறுத்திவைக்கலாம் என்று எண்ணியிருந்தனர். 1927இல் வெளிவந்த அவருடைய அறிக்கை அத்தேக்கங்களால் பயனில்லை என்று காட்டியது. வேண்டுவது விரைவாக நீர் வடிவதற்கான வழியே என்றது. புள்ளியியல் என்னும் புதிய சாஸ்திரத்தைக் கொண்டு இந்தியாவில் நிகழ்ந்த முதற்பெரும் பணிகளுள் அது ஒன்று. கஞ்சா வயலில் பாரெடுத்து நீரை வடியவிட்ட குடியானவனும், ஐம்பது ஆண்டு மழையைக் கூட்டிக் கழித்த பேராசிரியரும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே முடிவுக்கு வந்தனர்: நீரை நிறுத்தாதே, போகவிடு.

சங்கம் வெள்ளத்துக்குப் பின்னரும் நிலைத்தது. தனித்தனியே நின்றிருந்தால் ஒவ்வொருவனும் மீண்டும் கடன்காரனின் திண்ணைக்கே சென்றிருப்பான். ஆனால் அதனை அசைத்த அடுத்த புயல் வானத்திலிருந்து வரவில்லை. 1947இல் ராட்கிளிப் வரைந்த கோடு ஹிலி நிலையத்தை ஒட்டி ஓடியது. நௌகாவ் கிழக்குப் பாகிஸ்தானில் அமைந்தது. அதன் சரக்கை வாங்கிவந்த கல்கத்தாவும் அஸ்ஸாமும் பீகாரும் இந்தியாவில் அமைந்தன. கிடங்கு ஒரு நாட்டில், கடை மற்றொரு நாட்டில். டார்ஜிலிங் மெயிலின் பழைய பாதையும் 1965ஆம் ஆண்டுப் போரோடு அற்றுப்போயிற்று.

இதற்கிடையில் உலகின் கருத்தும் மாறியது. 1961இல் நியூயார்க்கில் கையெழுத்தான போதைப்பொருள் ஒப்பந்தம், மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அன்றி வேறு எதற்கும் கஞ்சா கூடாது என்று விதித்தது. பழைய வழக்கமுள்ள நாடுகளுக்கு மட்டும் 25 ஆண்டுக் கெடு கொடுத்தது. பூங்கதிர் இல்லாத வெறும் இலை அதன் வரையறைக்குள் வரவில்லை. அதனால்தான் 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் குற்றமாக்கியபோதும் பாங்கைத் தொடவில்லை. காசியிலும் ஜெய்சல்மேரிலும் சர்க்கார் அனுமதி பெற்ற பாங்குக் கடைகளைக் கண்டு வியக்கும் நம்மவர்களுக்கு இதுவே விளக்கம். நாருக்காக மயக்கம் குறைந்த வகையைப் பயிரிட உத்தரகண்ட் 2018இல் உரிமம் வழங்கத் தொடங்கியது.

பங்களாதேஷ் உருவான பின்னரும் நௌகாவில் சர்க்கார் மேற்பார்வையில் பயிர் தொடர்ந்தது. 1987இல் அந்நாட்டு அரசாங்கம் அதனை நிறுத்தியது. தந்தையும் பாட்டனும் செய்த தொழிலை விட்டு வேறு பயிருக்கு மாறிய குடியானவர்களுக்கு, அந்த மேட்டு நிலமும் வடிகாலும் வீணாகவில்லை; காய்கறி விளைந்தது, மாந்தோப்புகள் எழுந்தன. நெல்லுக்கும் மாம்பழத்துக்கும் இன்று பெயர்பெற்ற ஜில்லா அது. 1917இல் குடியானவர்கள் கூடி அமைத்த சங்கத்தின் கட்டடங்களும் பழைய கிடங்குகளும் நௌகாவ் நகரத்தில், சின்ன யமுனையின் கரைக்கு அருகில் நிற்கின்றன.